குளிர்காலம் முழுக்க கார் பார்ன்ல நிக்கப் போகுது, எலி ஏறாம இருக்க என்ன பண்ணலாம்?

மியாட்டா_ரசிகன்:
வணக்கம் மக்களே, கனடாவுல ஒன்டாரியோ பக்கம் இருக்கிறவங்க, இல்ல பனி கொட்டுற எந்த ஊர்லயாச்சும் கார ஸ்டோரேஜ்ல போட்டு பழக்கம் உள்ளவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. என்கிட்ட 2009 மாடல் மாஸ்டா மியாட்டா ஒண்ணு இருக்கு, துணிக் கூரைய மடக்குற சாஃப்ட் டாப் கார். வெயில் காலத்துக்கு மட்டும்தான் அது, ரோட்ல உப்பு போட ஆரம்பிச்சுட்டா வெளிய எடுக்கவே மாட்டேன். இவ்வளவு நாளா எங்க அபார்ட்மெண்ட் அண்டர்கிரவுண்ட்லயே ரெண்டாவது ஸ்பாட் வாடகைக்கு இருந்துச்சு, இப்ப அந்த ஸ்பாட்காரர் தனக்கே வேணும்னு திருப்பி வாங்கிட்டார்.

தேடிப் பாத்ததுல கேலிடன் தாண்டி ஒரு பண்ணையில பழைய மாட்டுக் கொட்டகைய ஸ்டோரேஜுக்கு விடுறாங்க. நவம்பர்ல கொண்டுபோய் விட்டா ஏப்ரல் கடைசியில எடுத்துக்கலாம், வாடகையும் டவுன்ல கேக்குறதுல பாதிகூட இல்ல. கீழ சிமெண்ட் தரைதான், அது வரைக்கும் நிம்மதி. ஆனா சுவரு பூரா பழைய பலகை, ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல என் சுண்டு விரல் போகுது, பக்கத்துக் கொட்டகையில கூரை வரைக்கும் வைக்கோல் கட்டு. எலி இருக்குமான்னு ஓனரக் கேட்டேன், மனுஷன் சிரிச்சிக்கிட்டே "பார்ன்ல எலி இல்லாமலா, அதுக்குத்தான் ரெண்டு பூனை வச்சிருக்கேன்"ங்கறார்.

நெட்ல தேடினா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தன் அந்துருண்டை போடுங்கறான், ஒருத்தன் பெப்பர்மிண்ட் ஆயில்ங்கறான், இன்னொருத்தன் அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கி பேட்டரியில மாட்டுங்கறான். என் வீட்டம்மா வேற "எலி மருந்து வச்சா முடிஞ்சுது, இதுக்கு ஒரு வாரமா யோசனையா"ன்னு கேக்குறா. நிஜமா எது வேலை செய்யும், எது சும்மா? வயரக் கடிச்சாகூட மாத்திக்கலாம், அந்தத் துணி டாப்பக் கடிச்சு ஓட்டை போட்டுச்சுன்னா பர்ஸ் காலி.

காரக்குழம்பு:
ப்ரோ ஐரிஷ் ஸ்பிரிங் சோப்பு. அதத் துருவி பழைய சாக்ஸ்ல கட்டி எஞ்சினுக்குள்ள ரெண்டு, சீட்டுக்கு அடியில ரெண்டு, டிக்கியில ஒண்ணு. எங்க மாமா ஹாமில்டன்ல வருஷா வருஷம் இதத்தான் பண்றார், ஒரு எலி வந்ததில்ல. கூட ட்ரையர் ஷீட், துணி காயவைக்கிற மெஷின்ல போடுற வாசனைத் தாள், அதுல ஒரு டப்பா வாங்கி உள்ள பரப்பி விட்ருங்க, கார் திறந்தா லாண்டரி கடை வாசம் அடிக்கும் ஆனா எலி கிட்ட வராது.

ஸ்காபரோ_அண்ணை:
தம்பி, நான் இஞ்ச ஸ்காபரோவில கனகாலமா கராஜ் வேலை செய்யிறன், ஒவ்வொரு வசந்தத்துக்கும் உப்பிடிக் காருகள் கட்டி இழுத்துக்கொண்டு வரும், ஸ்ராட் எடுக்குது ஆனா எஞ்சின் லைற் எரியுது, ஹீற்றர் போட்டா செத்த மணம் வருது எண்டு. அதால கொஞ்சம் விபரமாச் சொல்லுறன், பொறுமையா வாசியுங்கோ.

காரக்குழம்புத் தம்பி குறை நினைக்கக் கூடாது, மாமாவின்ர கார் நிக்கிற இடத்தில எலி இல்லாமல் இருந்திருக்கும், சோப்புக்குப் பேர் வந்திட்டுது. ட்ரையர் ஷீற்றைக் கிழிச்சு அதிலயே கூடு கட்டியிருந்ததை நான் கண்ணால கண்டனான். ஏர் பில்ரர் பெட்டியைத் திறந்தா உள்ளுக்க அந்த ஷீற், சீற்றுக்குள்ள இருந்து பிடுங்கின பஞ்சு, பொனற்றுக்கு அடியில ஒட்டியிருக்கிற கம்பளிச் சாமான் எல்லாம் சேத்து வட்டமா, நல்ல வடிவாத்தான் கட்டியிருந்துது, நடுவில கண் திறக்காத குட்டியள் ரோஸ் நிறத்தில. பெப்பர்மின்ற் மணம் எலிக்குப் பிடிக்காது எண்டே வைப்பம், அந்த எண்ணெய் கொஞ்ச நாளில காத்தோட போயிடும், நவம்பரில தெளிச்சா பெப்ரவரியில ஆர் கேலிடனுக்குப் போய்த் திரும்பத் தெளிக்கிறது? வெளியில மைனஸ் 20, உள்ளுக்க காத்துப் படாத இடம் இருக்கு, பஞ்சு இருக்கு, வாசலில சோப்பு மணக்குது எண்டு அது திரும்பிப் போகுமே.

செய்ய வேண்டியது அடைக்கிறதும் பொறி வைக்கிறதும்தான், அதோட உள்ளுக்க தின்ன ஒண்டும் இல்லாமப் பண்ணுறது. சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் ஓட்டை காணும், பென்சில் போற இடத்தால அது போகும். கொட்டகையை அடைக்க உங்களால ஏலாது, அதால காரை அடையுங்கோ. எங்கெங்க எண்டா, முதலாவது கண்ணாடிக்குக் கீழ வைப்பர் இருக்கிற இடத்தில கறுப்பு ப்ளாஸ்ரிக் கிறில் இருக்கும் பாருங்கோ, வெளிக்காத்து உள்ளுக்க போறது அதாலதான், எலி ஹீற்றர் விசிறிக்குப் போற பெரிய றோட்டும் அதுதான். அதுக்கு மேல கால் இஞ்சிக் கண் உள்ள கம்பி வலையை வெட்டி வைச்சு ஓரத்தை ரேப் அடிச்சு விடுங்கோ, பெயின்ரைப் பிடுங்காத ரேப். காரை நிப்பாட்ட முதல் காத்தை உள்சுத்துக்கு மாத்திப்போட்டு பிறகு எஞ்சினை ஓப் பண்ணுங்கோ, வெளிக்காத்துக் கதவு மூடிக்கொள்ளும், அது ஒரு இரண்டாவது காவல். ரெண்டாவது, எஞ்சினுக்குக் காத்து இழுக்கிற குழாயின்ர வாய். மூண்டாவது சைலன்சர் வாய். இது ரெண்டுக்கும் பாத்திரம் தேய்க்கிற ஸ்ரெயின்லெஸ் நார் இருக்கெல்லோ, அதைப் பெரிசா உருட்டி இறுக்கி அடையுங்கோ. சாதாரண இரும்புப் பஞ்சு வேண்டாம், ஈரத்துக்குக் கறள் பிடிச்சுப் பொடியாக் கொட்டும். செப்பு வலையும் நல்லம். சின்னத் துண்டா வெட்டி வைச்சுப்போடாதேங்கோ, எஞ்சின் இழுத்திட்டா அது வேற செலவு.

கனபேருக்குத் தெரியாத வழி ஒண்டு இருக்கு, பின் பம்பருக்கு உள்பக்கத்தில மெல்லிய றப்பர் மூடியோட காத்துப் போற ஓட்டை கனக்க காரில இருக்கும், கதவைச் சாத்தேக்க காத்து வெளியில போறதுக்கு வைக்கிறவங்கள். றப்பர் பழசாகிக் கிழிஞ்சிருந்தா அதால டிக்கிக்குள்ள நேர வரும். காரை லிப்ரில ஏத்தி ஒருக்கா பாக்கச் சொல்லுங்கோ. உங்கட மியாட்டாவில சீற்றுக்குப் பின்பக்கம் ரெண்டு கரையிலயும் கூரைத் தண்ணி இறங்குற துவாரமும் இருக்கு, அதுக்குள்ள கூடு கட்டி அடைச்சா வசந்தத்தில முதல் மழைக்கு தண்ணி காருக்குள்ள. அதைத் துப்புரவாக்கி வெளிவாயில மட்டும் வலைத் துண்டு வைச்சுக் கட்டி விடுங்கோ.

எல்லாம் அடைச்ச பிறகு எங்கெங்க அடைச்சனீங்கள் எண்டு ஒரு மட்டையில எழுதி ஸ்ரியறிங்கில கட்டித் தூக்குங்கோ. இது பகிடி இல்லை. ஏப்ரலில வெய்யிலைக் கண்ட சந்தோசத்தில எல்லாரும் சாவியைத்தான் முதல்ல திருப்புவினம்.

எலி மருந்து வேண்டவே வேண்டாம். தின்ற உடன அது சாகாது, ரெண்டு மூண்டு நாள் எடுக்கும், அதுக்குள்ள காருக்குள்ள டாஷ்போட்டுக்குப் பின்னால போய்ப் படுத்துச் செத்துதெண்டா டாஷ்போட் முழுக்கக் கழட்டோணும். பண்ணைப் பூனையும் அந்த எலியைத் தின்னும், பேந்து அதுக்கும் ஏதாவது நடந்தா ஓனர் உங்களோட சண்டைக்கு வருவார்.

எட்மன்டன்_வாசி:
அண்ணை சொன்னது அத்தனையும் சரி, ஒரு விஷயம் மட்டும் சேக்குறேன். ஆல்பர்ட்டாவுல எலியே கிடையாதுன்னு எங்க ஊர்க்காரங்க பெருமையா சொல்லிக்குவாங்க, 1950லேர்ந்து மாகாண அரசு பெரிய எலி உள்ள வராம ஒழிக்கிற திட்டம் ஒண்ண விடாம நடத்துது, அது உண்மைதான். ஆனா அது பெரிய சைஸ் எலிக்கு மட்டும். சுண்டெலி, அதோட டீர் மவுஸ்னு வயிறும் காலும் வெள்ளையா பெரிய கண்ணோட ஒண்ணு, இதெல்லாம் இங்க தாராளமா இருக்கு. இதுங்க குளிர்ல தூங்கவும் செய்யாது, சிப்மங்க்ங்கற சின்ன அணில் மாதிரி குழிக்குள்ள போய் முடங்காது, ஜனவரியிலயும் ராத்திரி பூரா ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

இந்த டீர் மவுஸ்லதான் நுரையீரலத் தாக்குற ஹண்டா வைரஸ் இருக்கு. கனடாவுல கேஸ் ரொம்ப அபூர்வம், வந்ததுல பெரும்பாலானது எங்க மேற்கு மாகாணங்கள்ல, ஒன்டாரியோக்காரங்க இத வச்சு தூக்கத்தக் கெடுத்துக்க வேணாம். ஆனா டீர் மவுஸ் உங்க பக்கமும் இருக்கு, அந்த நோய் வந்தா மூணுல ஒருத்தர் அளவுக்கு இறந்து போறாங்க, அதனால ஏப்ரல்ல காருக்குள்ள புழுக்கை இருந்தா உடனே வாக்குவம் எடுத்துட்டுப் பாயாதீங்க. காஞ்ச புழுக்கையும் மூத்திரமும் தூளாகி மூக்குக்குள்ள போறதுதான் ஆபத்தே. கதவெல்லாம் திறந்து வச்சுட்டு ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போய் நில்லுங்க. அப்புறம் கிளவுஸ், என் 95 மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து நல்லா ஊற ஸ்ப்ரே பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு பேப்பர் டவல்ல துடைச்சு எடுங்க. சீட் துணியில பிளீச் பட்டா நிறம் போயிடும், அங்க கடையில விக்கிற கிருமிநாசினி ஏதாவது துணிக்கு ஆகுறதா பாத்து வாங்குங்க. ஹீட்டர் ஃபேன் பக்கம் கூடு இருக்குமோன்னு சந்தேகம் வந்தா பட்டனத் தொடவே தொடாதீங்க, போட்ட நிமிஷம் எல்லாம் மூஞ்சியிலதான் வந்து விழும்.

பொறி விஷயத்துல அண்ணைக்கும் எனக்கும் ஒத்துப் போகுமான்னு தெரியல. சாதாரண மரப்பலகை ஸ்னாப் ட்ராப்தான் பெஸ்ட், நாலு டயர் பக்கத்துலயும், அப்புறம் சுவரோரமா, தீனி இருக்கிற பக்கம் சுவரத் தொடுற மாதிரி குறுக்கால வைக்கணும், ஏன்னா அது தரை நடுவுல ஓடாது, சுவர ஒட்டியே ஓடும். நான் காருக்குள்ளயும் பாசஞ்சர் கால் வைக்கிற இடத்துல ரெண்டு வைப்பேன். பீனட் பட்டர் மைனஸ் 30ல கல்லாப் போயிடும், அதனால கொஞ்சம் பஞ்சு, இல்ல நூல் துண்ட ட்ரிக்கர்ல கட்டி விட்ருவேன், கூடு கட்ட சாமான் தேடுற எலி வந்து இழுக்கும், இழுத்தா முடிஞ்சுது.

ஸ்காபரோ_அண்ணை:
உள்ளுக்க பொறி வைக்கிறதில எனக்கு உடன்பாடு இல்லை. பீனட் பட்டர் மணத்துக்கே அது வழி தேடி உள்ளுக்க வரும். பஞ்சு கட்டுறதெண்டா சரி, அது நல்ல யோசனை, நானும் இனி அப்பிடிச் சொல்லிக் குடுப்பன். ஆனா ஒண்டு, வெளியில வைக்கிற பொறியை இடைக்கிடை போய்ப் பாக்கோணும், ஒருக்கா அடிச்ச பொறி பிறகு ஒரு மரக்கட்டைதான், அடுத்த எலி அதுக்கு மேல ஏறி நிண்டு பாக்கும். பூனை கால் வைக்கிற இடமெண்டா பொறியை ஒரு சின்னப் பெட்டிக்குள்ள வைச்சு எலி போற அளவுக்கு ஓட்டை போடுங்கோ.

எட்மன்டன்_வாசி:
வெளிய இருக்கிற எலிக்கு உள்ள இருக்கிற பீனட் பட்டர் தெரியுதுன்னா கார்ல ஏற்கனவே ஓட்டை இருக்குன்னுதானே அண்ணே அர்த்தம். ஓட்டை இருந்தா அது வரத்தான் போகுது, வந்தது அங்கயே மாட்டட்டுமே. சரி விடுங்க, இது அவங்கவங்க இஷ்டம்.

கோவை_டூ_அஜாக்ஸ்:
பார்ன் கதை எனக்குத் தெரியாதுங்க, எங்க கார் வீட்டு கராஜ்லதான் நிக்குது, ஆனா டிசம்பர் கடைசில ஊருக்குப் போனா மார்ச்தான் திரும்புறோம், அதனால எங்களுக்கும் இதே தலைவலிதான். யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன், நம்ம ஆளுங்க கராஜப் பாத்தாலே தெரியும் எலி ஏன் வருதுன்னு. செல்ஃப்ல 18 கிலோ அரிசி மூட்டை ரெண்டு, துவரம் பருப்பு, மொளகா வத்தல், பறவைக்குப் போடுற விதை ஒரு பக்கெட், எல்லாமே காருக்கு ரெண்டடி தள்ளி. காருக்கு மட்டும் காவல் போட்டு என்னங்க பிரயோஜனம். நாங்க அரிசியெல்லாம் இப்ப மூடி இறுகுற தகர டிரம்முக்கு மாத்தியாச்சு, பிளாஸ்டிக் டப்பாவ அது பல்லால கரண்டிடும்.

அப்புறம் காருக்குள்ள. குழந்த சீட்டக் கழட்டி ஒரு தடவ தலைகீழா தட்டிப் பாருங்க, மிக்சர், ஓமப்பொடி, கோல்ட்ஃபிஷ் பிஸ்கட், ஒரு வருஷத்துக்கு உண்டான தீனி கொட்டும். எங்க பக்கத்து வீட்டுக்காரங்க கார்ல ரிச்மண்ட் ஹில் கோயில்ல குடுத்த பிரசாதப் பை டிக்கி ஓரத்துல கெடந்திருக்குது, அட்சதை அரிசி, ஒரு வாழைப்பழம், கல்கண்டு. அந்தப் பையிலேர்ந்து ஆரம்பிச்சு பின் சீட் மெத்தை வரைக்கும் போயிருச்சு. டிஷ்யூ பாக்ஸ், குளிருக்குப் போடுற கம்பளி, கிளவுஸ் இதையெல்லாமும் எடுத்துருங்க, அது தின்ன இல்லீன்னாலும் கூடு கட்ட வேணுமில்ல.

கராஜ் கதவு விஷயம். பகல்ல உள்ள நின்னு லைட்ட அணைச்சுட்டு கதவு அடியில ரெண்டு மூலையும் பாருங்க, வெளிச்சம் எட்டிப் பாத்துச்சுன்னா அதுதான் அதுக வாசல். அடி ரப்பர் மூலையிலதான் மொதல்ல தேயும். சந்தேகமா இருந்தா டயரச் சுத்தி தரையில பேபி பவுடர் லேசா தூவி விட்டு ராத்திரி விட்டுப் பாருங்க, காலைல சின்னச் சின்னதா கால் தடமும் நடுவுல வால் இழுத்த கோடும் தெரியும். வந்துட்டுப் போகுதான்னு ஊகிக்கவே வேண்டியதில்லைங்க.

மியாட்டா_ரசிகன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ஸ்டியரிங்ல மட்டை கட்டுறது சூப்பர் ஐடியா அண்ணே. எங்க வீட்டுல கார் சீட்ட நேத்தே தட்டிப் பாத்தோம், அஜாக்ஸ் அக்கா சொன்ன ஓமப்பொடி அப்படியே கொட்டுச்சு.

இன்னும் சில டவுட். அந்துருண்டையப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல, ஊர்ல பீரோவுல போடுறதுதானே, கார்ல போட்டா என்ன? ரெண்டாவது, வயர் மேல சோயாவுல செஞ்ச உறை இருக்கிறதாலதான் எலி கடிக்குதுங்கறாங்களே, 2009 வண்டிக்கும் அது இருக்குமா? அல்ட்ராசோனிக் மெஷின் பத்தியும் சொல்லுங்க. கடைசியா, இதெல்லாம் பண்ணியும் கடிச்சிருச்சுன்னா இன்சூரன்ஸ் குடுப்பானா?

எட்மன்டன்_வாசி:
அந்துருண்டை வேணாம். அதுல இருக்கிறது நாப்தலின், இல்லன்னா பாராடைகுளோரோபென்சீன், எது இருந்தாலும் அந்த வாயு மூச்சுல போறது நல்லதில்ல, அதுவும் சின்னப் புள்ள ஏறுற கார்ல. ஜி6பிடின்னு ரத்தத்துல ஒரு என்சைம் பிறவியிலயே குறைவா உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ரத்த அணுவையே உடைக்கும். கனடாவுல லேபிள்லயே இறுக மூடின பெட்டிக்குள்ள துணிக்கு மட்டும்னுதான் போட்டிருக்கும், திறந்த இடத்துல எலிக்குப் போடுறது சட்டப்படியும் தப்பு. இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வாசம் சீட்டுல ஏறுச்சுன்னா அடுத்த கோடை முழுக்க டாப்ப திறந்தே ஓட்ட வேண்டியதுதான், எலி என்னவோ அதத் தள்ளி வச்சுட்டு பக்கத்துல படுத்துக்கும்.

அல்ட்ராசோனிக்: அமெரிக்காவுல பொய் விளம்பரத்தத் தடுக்கிற எஃப்டிசிங்கற அரசு அமைப்பு 2001லயே இந்த மெஷின் செய்யிற, விக்கிற 60க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு, ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கை லெட்டர் அனுப்பிச்சு. அந்தச் சத்தம் எஞ்சின் மாதிரி சாமான் அடைசலா இருக்கிற இடத்துல ஒரு மூலையத் தாண்டிப் போகாது, எலியும் சீக்கிரம் பழகிடும். இதுல அஞ்சு மாசம் பேட்டரிய வேற உறிஞ்சும்.

ஸ்காபரோ_அண்ணை:
சோயாக் கதையை எல்லாரும் கேக்கினம். அமெரிக்காவில இதுக்கு வழக்கெல்லாம் போட்டவை. ஆனா தம்பி, சோயா வர முதலும் எலி வயர் கடிச்சதுதான், டெலிபோன் வயர், வீட்டுக் கரண்ட் வயர் எல்லாம் கடிச்சதுதான். அதின்ர முன்பல்லு சாகும் வரைக்கும் வளந்துகொண்டே இருக்கும், எதையாவது அராவித் தேய்ச்சுக்கொண்டே இருக்கோணும். வயர் அதுக்கு நல்ல மொத்தம், நல்ல மெதுமை. அதால உங்கட வண்டி எந்த வருஷம் எண்டு பாத்துப் பிரயோசனம் இல்லை.

வயருக்கெண்டு வேலை செய்யிற சாமான் ஒண்டு இருக்கு, ஹொண்டா பார்ட்ஸ் கவுண்டரில எலி ரேப் எண்டு கேளுங்கோ, மிளகாயில இருக்கிற அந்தக் காரத்தை ரேப்பில பூசி விக்கிறாங்கள், எந்தக் காருக்கும் சுத்தலாம். விலை கொஞ்சம் கூட. எஞ்சின் முழுக்கச் சுத்தாதேங்கோ, வெளியில கையால தொடக்கூடிய இடத்தில போற வயர்க்கட்டு, பில்ரர் பெட்டிக்குப் பக்கத்தில போறது, அதுகளுக்குச் சுத்தினாக் காணும். சுத்தின கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதேங்கோ. பறவைக்கு இந்தக் காரம் தெரியாது, கிளி பச்சை மிளகாயைக் கடிச்சுத் தின்னுறது அதாலதான், எலிக்கு எங்களைப் போல எரியும். ஆனா எல்லா எலிக்கும் நிச்சயம் எண்டு நான் சொல்ல மாட்டன், ரேப்பை விட்டிட்டுப் பக்கத்து வயரைக் கடிச்சதையும் கண்டிருக்கிறன். அடைக்கிறதைச் செய்த பிறகு மேலதிகமா இது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

இன்னொண்டு, கவர். துணிக் கவரைத் தரை வரைக்கும் இழுத்து மூடினீங்களெண்டா எலிக்கு கூடாரம் கட்டிக் குடுக்கிற மாதிரித்தான். பார்ன் தூசிக்கு மூடத்தான் வேணுமெண்டா ரயருக்கு மேலயே நிக்கிற அளவுக்கு மடிச்சுக் கட்டுங்கோ. பொனற்றை விரியத் திறந்து விடுறவையும் இருக்கினம், இருட்டும் சூடும் இல்லாட்டி அது அங்க தங்கப் பிரியப்படாது எண்டு. வீட்டுக் கராஜ் எண்டா செய்யலாம், பார்னில பூனை ஏறிப் படுக்கும், குருவி எச்சம் போடும், அங்க மூடித்தான் விடோணும். பூனை எண்ட உடன ஞாபகம் வருது, சொஃப்ட் ரொப்புக்கு மேல பூனை ஏறிப் படுத்தா நகம் படும், அதுக்காகவாவது மேல கவர் தேவைதான்.

பாலிசி_மாமா:
நான் இன்சூரன்ஸ் லைன்ல இருக்கேன், ஒன்டாரியோவுக்கு மட்டும் சொல்றேன். ஸ்டோரேஜ்ல போடுறப்ப நிறைய பேர் பணம் மிச்சம்னு பாலிசியையே கேன்சல் பண்ணிடுறாங்க, அப்படிப் பண்ணாதீங்க. ஓபிசிஎஃப் 16னு ஒரு படிவம் இருக்கு, வண்டி ஓடாத மாசங்களுக்கு ரோட்டுல ஓடுறதுக்கு உண்டான கவரேஜ மட்டும் நிறுத்தி வைக்கும், காம்ப்ரிஹென்சிவ், அதாவது மோதல் இல்லாம திருட்டு, தீ மாதிரி வர்ற சேதத்துக்கான கவரேஜ், அப்படியே இருக்கும். திரும்ப வெளிய எடுக்கிறதுக்கு முன்னாடி ஓபிசிஎஃப் 17 போட்டு மறுபடி ஆன் பண்ணணும், அது பண்ணாம ஏப்ரல்ல பார்ன்லேர்ந்து ஓட்டிக்கிட்டு வந்துடாதீங்க, கிலோமீட்டர் கணக்கே இல்ல, கேட்டத் தாண்டினாலே இன்சூரன்ஸ் இல்லாத வண்டிதான்.

எலி கடிச்சது காம்ப்ரிஹென்சிவ்ல பெரும்பாலும் கிடைக்கும், டிடக்டிபிள், அதாவது செலவுல உங்க பங்கு, நீங்க கட்டணும். ஸ்பெசிஃபைட் பெரில்ஸ்னு மலிவா ஒண்ணு இருக்கே, அதுல தீ, திருட்டு, புயல், ஆலங்கட்டி, வெள்ளம்னு பேர் சொன்னதுக்கு மட்டும்தான், எலி அந்த லிஸ்ட்லயே கிடையாது. உங்க பேப்பர்ல எது இருக்குன்னு இன்னைக்கே பாருங்க, புரோக்கர்கிட்ட எலி விஷயத்த ஈமெயில்ல கேட்டு பதில எழுத்துல வாங்கி வச்சுக்கங்க. வண்டி எந்த அட்ரஸ்ல நிக்குதுன்னும் சொல்லிடுங்க. விடுற அன்னைக்கு எஞ்சின், சீட், டாப் எல்லாம் தேதியோட போட்டோ எடுத்து வச்சா பின்னாடி பேச்சு சுருக்கமா முடியும்.

காரக்குழம்பு:
சரி சரி சோப்பு வேணாம், எல்லாரும் சேந்து என் மாமாவ இப்படி அடிக்கணுமா. அண்ணே ஒரு கேள்வி, வாரம் ஒரு தடவை போய் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விட்டா எலி ஓடிடாதா? மாமா அதையும் பண்ணுவார்.

ஸ்காபரோ_அண்ணை:
மாமா நல்ல மனுஷன் போல கிடக்கு. ஓட விடுறதால எலிக்கு ஒண்டும் இல்லை, எஞ்சின் சூடாக இன்னும் சந்தோசப்படும். பத்து நிமிசத்தில எண்ணெய் முழுச் சூட்டுக்கு வராது, குளிரில உண்டாகிற தண்ணி எஞ்சினுக்குள்ளயும் சைலன்சருக்குள்ளயும் நிண்டுபோகும். அதோட வாயெல்லாம் அடைச்சு வைச்சிருக்கிற காரை எப்பிடி ஸ்ராட் பண்ணுறது. பெற்றோலை நிரப்பி அது பழுதாகாமல் இருக்க ஸ்ரபிலைசர் ஊத்தி, பற்றறியைக் கழட்டி வீட்டை கொண்டுபோய் சார்ஜ் இறங்காமல் வைச்சிருக்கிற மெயின்ரெயினரில போட்டிட்டு அப்பிடியே விடுங்கோ.

ஏப்ரலில எடுக்கேக்க முதல்ல மட்டையைப் பாத்து ஒவ்வொண்டா அடைப்பை எடுங்கோ. பிறகு ஏர் பில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கோ, கபின் பில்ரர் இருக்கிற கார் எண்டா அதையும் இழுத்துப் பாருங்கோ. பொனற்றுக்கு அடியில லைற் அடிச்சு வயருகளைக் கண்ணால பாத்து, கீழ தரையில வயர்த் தோல் துணிக்கை கிடக்கோ எண்டு பாருங்கோ, கறுப்புத் தூள் மாதிரிக் கிடந்தா கடிச்சிருக்கு. பிரேக்குக்குப் போற வயரும் அங்கதான் ரயருக்கு உள்பக்கம் போகுது, அதையும் விடாதேங்கோ. ஏதாவது கடிபட்டிருந்தா சாவியைப் போடாமல் கட்டி இழுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோ.

மியாட்டா_ரசிகன்:
எல்லாம் நோட் பண்ணிக்கிட்டேன். பொறி பாக்க மாசம் ரெண்டு தடவை போகலாம்னு ஓனர்கிட்ட பேசிட்டேன், அவரும் சரின்னுட்டார், வைக்கோல் இருக்கிற பக்கம் வேணாம், அந்தக் கடைசி மூலைக்கு விடுங்கன்னும் கேட்டு வாங்கிட்டேன். உள்ள பொறி வைக்கிறதா வேணாமாங்கறதுல மட்டும் இன்னும் முடிவு பண்ணல, எட்மன்டன்காரர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. அண்ணே அந்தக் கம்பி வலைய கடையில என்னன்னு கேக்கணும்? போன வாரம் ஒரு கடையில மெஷ்னு கேட்டதுக்கு ஜன்னலுக்குப் போடுற கொசுவலையக் காட்டுறான்.

ஸ்காபரோ_அண்ணை:
ஹார்ட்வெயார் குளோத் எண்டு கேளுங்கோ, துணி இல்லை, அதுதான் பேர். கால் இஞ்சிக் கண். அரை இஞ்சியை எடுத்துத் தந்தா திருப்பிக் குடுங்கோ, சுண்டெலி அதுக்குள்ளால போயிடும். ஜன்னல் வலை பைபர்கிளாஸ், ஒரு ராவில கடிச்சுப்போடும். வெட்டத் தகரக் கத்திரியும் தோல் கையுறையும் எடுங்கோ, வெட்டின ஓரத்தை உள்பக்கமா மடிச்சு அதுக்கு மேல ரேப் ஒட்டிப்போட்டுத்தான் காரில வைக்கோணும், இல்லாட்டி பெயின்ரைக் கீறும்.